வாழைத்தார்க் கொக்கியும் பனிமலையும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு துணையில்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே அமெரிக்காவில், டென்வரில் மகள் வீட்டில் எல்லோரும் நலம். எனக்குத்தான் குளிர் இன்னும் பழகவில்லை.

போன சனிக்கிழமை பேத்தியோடு ஒரு ரயிலில் போய் வந்தேன். பொன்மலைப் பணிமனையில் பெட்டிகளோடு பெட்டியாக வாழ்ந்த உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வின்டர் பார்க் எக்ஸ்பிரஸ் என்று பெயர். குளிர்காலத்தில் மட்டும் ஓடும். விடியற்காலையில் ஏறினால், பெட்டி முழுக்கப் பனிச்சறுக்குப் பலகைகளும் கனத்த பூட்ஸுகளும். மலையேறும் வழியில் ஒரு பெரிய வளைவு. அங்கே மணல் நிரப்பிய சரக்கு வேகன்களைத் தண்டவாளத்தை ஒட்டி நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறார்கள். அடிக்கிற காற்றுக்கு அந்த வேகன்கள்தான் சுவர்! நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் மொஃபாட் சுரங்கப்பாதை. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் இருட்டு. பேத்தி என் கையை விடவே இல்லை. டேவிட் மொஃபாட் என்ற டென்வர் வங்கியாளர் இந்த மலையைத் தாண்டி மேற்கே ரயில் விட நினைத்தார். துளைக்கப் பணம் திரளவில்லை. அதனால் 11,600 அடிக்கு மேலிருந்த ரோலின்ஸ் கணவாய் வழியாகத் தற்காலிகமாகத் தண்டவாளம் போட்டார். அங்கே பனி ரயில்களை நாள்கணக்கில் மடக்கிப் போட்டது. கைப்பணமெல்லாம் அதில் கரைய, 1911-இல் அவர் காலமானார். சுரங்கம் திறந்தது 1928-இல்தான்.

எந்தப் பனிக்குப் பயந்து மலையைக் குடைந்தார்களோ, அதே பனியைத் தேடி ஜனங்கள் அந்தச் சுரங்கம் வழியாகவே வர ஆரம்பித்தார்கள். அதன் மேற்கு வாயிலை ஒட்டித்தான் வின்டர் பார்க் பனிச்சறுக்கு மலை. 1940-இல் டென்வர் நகராட்சி அதைத் திறந்தது. அந்த ஆண்டே சறுக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் டிக்கெட் எடுத்து மலைக்குப் போக முடிந்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். 2009-இல் அந்த ரயில் நின்றபோது பலர் வருந்தினார்கள். 2017-இல் ஆம்ட்ராக் என்ற அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனம் மறுபடி ஓட்டத் தொடங்கியது.

உனக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரை யூனியன் பசிபிக் ரயில்வேயே 1936 டிசம்பரில் திறந்தது. கம்பெனித் தலைவர் ஆவெரல் ஹாரிமனுக்குக் குளிர்காலத்திலும் ரயிலுக்குப் பயணிகள் வேண்டும். ஆட்களை மலையுச்சிக்கு ஏற்றுவது எப்படி? ஜிம் கர்ரன் என்ற அவர்களுடைய எஞ்சினியர் அதற்கு முன், கப்பலில் வாழைத்தார் ஏற்ற, ஓடும் இரும்பு வடத்தில் கொக்கிகள் மாட்டும் வேலையில் இருந்தவர். கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டார். இன்று உலகமெங்கும் சறுக்குமலைகளில் ஓடும் நாற்காலி லிஃப்ட் அப்படிப் பிறந்ததுதான். பனியையே பார்த்திராத ஒரு பட்டறைக்காரன்கூடச் செய்திருக்கக்கூடிய வேலை அது. நீ செய்திருப்பாய்.

சன் வேலியை 1964-இல் ரயில்வே விற்றுவிட்டது. இப்போது அங்கே ரயில் போவதில்லை. பழைய தண்டவாளப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். படத்தில் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வின்டர் பார்க்கில் ரயில் நிற்கும் மேடையிலிருந்து லிஃப்டுக்கு நடந்தே போகலாம். பேத்தி சறுக்கினாள். நான் கீழே உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒவ்வொன்றாகப் போகும் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொக்கி வடத்தைக் கவ்வுகிற இடத்தைப் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அது எப்படிப் பிடிக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்