கோத்தகிரியிலிருந்து ஒரு டயர் கடிதம்

கோத்தகிரி,
நவம்பர் 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் டயர். மீதி அரைப் பக்கத்துக்குள் பேத்தி, முட்டிவலி, தீர்ந்துபோன சாம்பார்ப் பொடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டாய். என் கடை ஸ்டூலில் முப்பது வருஷம் உட்கார்ந்து டீ குடித்தாயே, ஒரு நாளாவது "இது என்ன டயர்?" என்று கேட்டிருப்பாயா? பேங்க் கதைதான் பேசுவாய். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய், அந்த டுலூத்தில் பனி விழப்போகிறது என்றதும் என் ஞாபகம் வந்துவிட்டது. சரி, சந்தோஷம்தான்.

இங்கே விட்டு விட்டு மழை. உன் வீட்டு கேட்டின் கீல் உடைந்து தொங்கியது, ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். போன வாரம் உன் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கரடி பெயர்த்துவிட்டது. எண்ணெய் வாசனைக்கு வந்திருக்கிறது. இருந்த எண்ணெயைக் குடித்து, டப்பாவை நசுக்கி வாசலில் போட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டது. இந்தக் கரடி கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும், டயரோடு சேர்ந்து.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை பழைய ஏடிவி, அதான் பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, வாங்கியிருக்கிறார். முன்னால் பனி தள்ள 60 அங்குலப் பிளேடு. வீட்டிலிருந்து ரோடு வரை ஜல்லி போட்ட சரிவுப் பாதை. டயர் நான்கும் மொட்டை. சேற்றில் ஓட்டுகிற 27 அங்குல மட் டயர் மாட்டிவிட்டால் பனியும் தள்ளலாம், ஏரிக்கரை வரை சவாரியும் போகலாம் என்பது அவர் கணக்கு. வேண்டாம் என்று சொல். மாமனார் பேச்சு எடுபடாது என்றால், கோத்தகிரி டயர்க்கடைக்காரன் சொன்னதாகச் சொல். அதற்கும் மசியவில்லை என்றால் என் தபால் பெட்டிக் கதையைச் சொல்.

அதை உனக்கே நான் முழுசாகச் சொன்னதில்லை, வெட்கம்தான். மகன் மிச்சிகன் டெக் யூனிவர்சிட்டியில் படித்து அங்கேயே ஹோட்டனில் தங்கிவிட்டான் அல்லவா, நான் அங்கே போயிருந்த முதல் குளிர்காலம். நீ பார்க்கும் அதே சுப்பீரியர் ஏரிதான், ஆனால் அது தென்கரை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பம். கனடாவிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிவந்து அங்கே கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம் நமக்குத் தூறலை அனுப்புகிற கணக்குதான். 1978-79 குளிர்காலத்தில் கீவினாவில் 390.4 அங்குலம் பனி விழுந்ததாம். 32 அடிக்கு மேல்! அதை ரோட்டோரத்தில் பெரிய அளவுகோலாக நட்டுவைத்திருக்கிறார்கள். டுலூத்துக்கு வருஷத்துக்கு 90 அங்குலம் போலத்தான். அளவு குறைவு என்று அசட்டையாக இருந்துவிடாதே. உன் ஊர் குன்னூர் மாதிரி ஏரியிலிருந்து செங்குத்தாக ஏறுகிற ஊர், வழுக்குவதற்கு இரண்டு அங்குலம் போதும்.

நான் என்ன செய்தேன் என்றால், எஸ்டேட் ஜீப்புக்கும் காரட் ஏற்றும் பிக்கப்புக்கும் டயர் மாட்டிய திமிரில், மகனுடைய ஏடிவிக்குப் பெரிய பட்டன், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டை, வைத்த மட் டயராகத் தேடி மாட்டினேன். முதல் பனி ஆறு அங்குலம், பஞ்சு மாதிரி. ராஜா மாதிரி தள்ளினேன். மருமகள் ஜன்னலில் நின்று வீடியோ எடுத்தாள். பத்து நாள் கழித்து அதே பாதை வண்டி ஏறி ஏறி இறுகி, பகலில் இளகி, ராத்திரி உறைந்து, மொசைக் தரை போல ஆகிவிட்டது. அன்றைக்குப் பிளேடைச் சாய்த்து வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் அப்படியே மிதந்து போய் தபால் பெட்டிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. அன்றைக்கும் மருமகள் ஜன்னலில்தான் நின்றிருந்தாள்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. சேற்றுக்கான டயர், ஒட்டினதை உதறவேண்டும். அதற்காகத்தான் பட்டன் பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும். பனிக்கு அது நேர்மாறு. பனி பனியோடுதான் ஒட்டும், உருண்டை பிடித்து எறிகிற உன் பேத்திக்கே இது தெரியும். பட்டன்களின் சந்தில் கொஞ்சம் பனி சிக்கி இறுகி நின்றால்தான் அது கீழே கிடக்கும் பனியைப் பிடிக்கும். ஆகவே பட்டன் நிறைய வேண்டும், விளிம்பு நிறைய வேண்டும். பட்டன் மேல் பிளேடால் கீறினாற்போல மெல்லிய வெட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த வெட்டுக்கு சைப் என்று பெயர், 1920களில் அதற்குக் காப்புரிமை வாங்கியவரின் பெயரே ஒட்டிக்கொண்டது. பெரிய பட்டனுக்கு இறுகிய பனியில் விளிம்பு போதாது. புதுப் பனியிலோ ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் நின்ற இடத்திலேயே நான்கு குழி தோண்டிக்கொள்ளும்.

ரப்பரையும் பார்க்கவேண்டும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் சைபரைத் தொட்டாலே நாம் உறைபனி என்று பேப்பரில் போடுகிறோம், பொட்டானிக்கல் கார்டனில் பூச்செடிகளை மிலார்ச் செடி போட்டு மூடுகிறோம். உன் ஊரில் மைனஸ் 20 சர்வசாதாரணம். அந்தக் குளிரில் கெட்டி ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். கடையில் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், கொஞ்சமாவது வளையவேண்டும்.

மாப்பிள்ளை ஒரே டயரில் சவாரியும் போகவேண்டும், பனியும் தள்ளவேண்டும் என்கிறாரே, அங்கேதான் சிக்கல். சவாரிக்கு அகல டயர் வேண்டும். சதுப்பில் பலகை போட்டு நடப்பது போல, எடையைப் பரப்பினால் புதையாது. தள்ளுவதற்கு ஒடுங்கிய டயர் வேண்டும். புதைந்து கீழே இறங்கி, ஜல்லியைத் தொட்டுப் பிடித்துத் தள்ளவேண்டும். ஒன்று மேலே நிற்கிற டயர், மற்றது கீழே போகிற டயர். உன் வீட்டில் எந்த வேலை அதிகம்? காலையில் ஏழு மணிக்கு மகள் கார் வெளியே போகவேண்டும், அதுதான் வேலை. ஏரிக்கரை சவாரி எல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவிர, ஏடிவியின் வயிறு தரையிலிருந்து 10, 11 அங்குல உயரம்தான். அதற்கு மேல் பனி இருந்தால் எவ்வளவு அகல டயர் போட்டாலும் வயிறு பனியில் உட்கார்ந்து சக்கரம் நாலும் காற்றில் சுற்றும். ஆழப்பனியில் சவாரி வேண்டுமென்றால் ஸ்னோமொபைல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிற பொலாரிஸ் கம்பெனியே உன் மின்னசோட்டாவில்தான், ரோஸோ என்ற ஊரில் 1954-ல் பிறந்தது. ஆசை இருந்தால் அதற்குத் தனியாகப் பணம் சேர்க்கட்டும்.

எனவே தள்ளுவதற்கு என்றே வாங்குங்கள். 27 அங்குலம் வேண்டவே வேண்டாம். வண்டியோடு வந்தது 25 என்றால் 25-லேயே இருங்கள். உயரத்தைக் கூட்டினால் இழுவை 7 சதவீதத்துக்கு மேல் குறையும், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு இழுக்கும் பெல்ட் சூடாகும், டயரைச் சுற்றி இரும்புச் செயின் மாட்ட மட்கார்டுக்கு அடியில் இடமும் இருக்காது. முன்னும் பின்னும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். நான்கு சக்கர டிரைவில் ஒரு ஜோடி மட்டும் உயரம் மாறினால் உள்ளே கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பின்னால் 10 அங்குல அகலம் வந்திருந்தால் அதற்கு மேல் போகாதே. 6 பிளை, அதாவது ஆறு அடுக்குக்கு ஈடான பலம் உள்ளதாக எடு, ஜல்லியும் பனிக்கட்டி முனையும் பக்கச் சுவரைக் குத்தாது. டயரின் தோள் பக்கத்திலும் பட்டன் இறங்கி வந்திருக்கவேண்டும். பிளேடைச் சாய்த்துத் தள்ளும்போது பனி வண்டியின் மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளும், அப்போது முன் டயரின் தோள்தான் பிடிக்கும். என் தபால் பெட்டி போனது அங்கேதான்.

இப்போது கரடி. நான் பிற்பாடு மாட்டியது கெண்டா கம்பெனியின் பேர் கிளா. கரடி நகம் என்று அர்த்தம். பட்டன்கள் கோணலாகப் பிராண்டினாற்போல இருக்கும், 6 பிளை, விலையும் மிரட்டாது. மேக்ஸிஸின் பிக்ஹார்னும் அங்கே நிறையப் பேர் வைத்திருந்தார்கள். அது ரேடியல், சவாரிக்கு மெத்தென்று இருக்கும், விலை கூட. மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் பிக்ஹார்ன், உன் விருப்பம் என்றால் கரடி நகம். கோத்தகிரிக்காரனுக்குக் கரடியிடம் ஒரு பாத்தியதை இருக்கிறதே.

இனி காற்று. டயரைவிட இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காருக்கு நாம் 32 பாயிண்ட் அடிப்போம், ஏடிவிக்கு 5, 6, 7 பாயிண்ட்தான். வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுதான் வேதம். ஆனால் கராஜுக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரியில் 5 பாயிண்ட் வைத்துவிட்டு மைனஸ் 20-ல் வெளியே எடுத்துப் போனாயானால், டயர் குளிர்ந்ததும் உள்ளே இரண்டேகால் பாயிண்ட்தான் மிஞ்சும். ஓட்டை எதுவும் இல்லை, காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். காரில் இரண்டு மூன்று பாயிண்ட் குறைந்தால் தெரியாது, ஏடிவியில் பாதி போய்விடும். சரிவில் பாரத்தோடு திரும்பும்போது டயர் ரிம்மை விட்டே கழன்று வரும். ஆகவே வெளியே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டுக் காற்றுப் பார். கார் கேஜ் வைத்துப் பார்க்காதே, அதில் 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாது.

டயர் எதுவானாலும் உன் சரிவுக்குச் செயின் வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் ரயிலுக்கு நடுவில் பல்சக்கரம் எதற்கு? பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றத்தில் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும், அதனால் பல்லைக் கொடுத்து ஏற்றினான் வெள்ளைக்காரன். அதே யோசனைதான் செயினும். கண்ணாடி ஐஸில் எந்த ரப்பரும் நிற்காது, இரும்பு கடிக்கவேண்டும். வி வடிவக் கம்பி பற்றவைத்த செயினாக வாங்கு. ஒரு ஜோடிக்குத்தான் காசு என்றால் பின்சக்கரத்துக்கு. பின் ரேக்கில் அது தாங்குகிற அளவுக்கு ஒரு மணல் மூட்டையும் கட்டிவிடு, முன்னால் பிளேடு தொங்குவதற்கு அது ஈடு. மாட்டி ஐம்பதடி ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்கு. பிரேக் குழாயில் உரசுகிறதா என்று குனிந்து பார். முட்டிவலி என்று சாக்குச் சொல்லாதே, பேரப்பிள்ளையைக் குனியச் சொல். வாசலில் சிமெண்டோ தாரோ போட்டிருந்தால் செயின் கீறிவிடும், ஜல்லிக்குக் கவலையில்லை. ஆனால் ஜல்லிக்குப் பிளேடின் கீழ் ஷூவை, பிளேடைத் தரையில் படாமல் தாங்குகிற பாதத்தை, அரை அங்குலம் இறக்கிவிடு. இல்லாவிட்டால் ஏப்ரலில் பனி கரையும்போது உன் பாதை முழுக்கப் புல்தரையில் கிடக்கும். என் மகன் ஒரு சனி, ஞாயிறு பூராவும் ஜல்லி பொறுக்கினான்.

ஓட்டுவது பற்றி இரண்டே வார்த்தை. லோ கியர், மெதுவாக. சக்கரம் வெறுமனே சுற்றினால் அடியில் பனி உருகி ஐஸ் ஆகிவிடும், பிறகு நீயே போட்ட ஐஸில் நீயே வழுக்குவாய். விழுந்து முடியட்டும் என்று காத்திருக்காமல் நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை தள்ளு. முதல் பனியை எவ்வளவு தூரம் ஒதுக்கமுடியுமோ அவ்வளவு தூரம் ஒதுக்கு, ஜனவரியில் இடம் தேவைப்படும்.

ஏரி விஷயத்தில் மாப்பிள்ளையிடம் விட்டுக்கொடுக்காதே. சின்ன ஏடிவி ஏற ஐஸ் 5 முதல் 7 அங்குலமாவது இருக்கவேண்டும் என்று மின்னசோட்டாக்காரர்களே சொல்கிறார்கள், அதுவும் தெளிந்த புது ஐஸுக்கு. துளைபோட்டு அளந்துவிட்டுப் போகட்டும்.

பழைய டயரின் பக்கச் சுவரில் 25 × 8 – 12 என்பது போல எழுதியிருக்கும்: உயரம், அகலம், ரிம். முன்னும் பின்னும் பார்த்து அப்படியே எழுதி அனுப்பு, ஆர்டர் கொடுக்கும் முன்னால் நான் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். சாம்பார்ப் பொடி அரைத்தாகிவிட்டது, வீட்டில் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பார்சலுக்குள் குறைந்த காற்றுக்கான கேஜ் ஒன்றையும் வைக்கிறேன். ஹோட்டனில் மகன் எனக்கு வாங்கிக் கொடுத்தது, இங்கே மேஜை டிராயரில் சும்மா கிடக்கிறது. பொடி வாசனை கொஞ்சம் அடிக்கும், துடைத்துவிட்டுப் பயன்படுத்து.

உன்,
பஸ் ஸ்டாண்டு டயர்க்கடை