கழுவினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சோலார் பேனல் வைத்திருக்கும் பலர், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதையே பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். அதையும் உச்சி வெயிலில் செய்கிறார்கள்! சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். விடியற்காலையில் மென்மையான துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளையாகப் படியும், அதைச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும்.

நான் அதிகம் கவனிப்பது நிழலைத்தான். மரக்கிளையின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே, அதோடு தொடராக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும். அப்புறம், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை மாதாமாதம் நோட்டில் எழுதி, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறேன். பேனலின் திறன் ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம்தான் குறையும். திடீரென்று இறங்கினால் அழுக்கு, நிழல், தளர்ந்த இணைப்பு என்று வேறு ஏதோ இருக்கிறது. இணைப்பை மட்டும் நாமே கழற்றக் கூடாது. வெளிச்சம் இருக்கும்வரை அதில் மின்னழுத்தம் இருக்கும்.

விற்பவர்கள் சொல்லும் 25 ஆண்டு உத்தரவாதம் பேனலின் உற்பத்தித் திறனுக்கு. இன்வெர்ட்டரைப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். இதை வாங்கும்போதே சொன்னால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்