குர்ஆனைத் தொடும் கைகளுக்கு ஒரு சட்டம் தேவை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள ஆயுதப்படைக் குழு உறுப்பினர்களுக்கு,

கியூபாவின் குவாண்டனாமோவில் அமெரிக்க இராணுவம் நடத்தும் தடுப்பு முகாமில் குர்ஆன் அவமதிக்கப்பட்டதா என்ற விவாதம் 2005 மே மாதத்தில் ஒரே கேள்விக்குள் சுருங்கிப்போனது: கழிப்பறையில் போட்டார்களா, இல்லையா? போட்டதாக நியூஸ்வீக் இதழ் எழுதியது. ஆப்கானிஸ்தானில் மூண்ட கலவரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மே 16 அன்று இதழ் அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்றது. வெள்ளை மாளிகை இதழைச் சாடியது, உங்களில் பலருக்கு விஷயம் அத்தோடு தீர்ந்தது.

ஆனால் ஜூன் 3 அன்று வெளிவந்த முகாம் தளபதி ஜே ஹூட்டின் விசாரணை முடிவைப் பாருங்கள். கழிப்பறைக் குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லை என்ற அதே விசாரணை, முகாம் பணியாளர்கள் தொடர்பான ஐந்து நிகழ்வுகளை உறுதிசெய்தது. 2002 பிப்ரவரியில் காவலர் ஒருவர் குர்ஆனை உதைத்தது. 2003 ஜூலையில் ஒப்பந்த விசாரணையாளர் ஒருவர் மிதித்தது. அந்த ஆகஸ்டில் காவலர்கள் எறிந்த நீர்ப் பலூன்களால் பிரதிகள் நனைந்தது. அதே மாதம் ஒரு பிரதிக்குள் ஆங்கில வசைச்சொல் கிடந்தது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2005 மார்ச்சில் காற்றுத்துளை அருகே காவலர் ஒருவர் சிறுநீர் கழிக்க, அது உள்ளே இருந்த கைதி மீதும் அவருடைய குர்ஆன் மீதும் தெறித்தது. கைதிகளே பிரதிகளைச் சேதப்படுத்திய 15 நிகழ்வுகளையும் அறிக்கை பதிவுசெய்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை.

இந்தத் தேதிகளை 2003 ஜனவரி 19 என்ற நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். குர்ஆனைக் கையாள்வதற்கான எழுத்து விதிமுறை அன்றுதான் வந்தது. அதில் குறையென்று சொல்ல அதிகம் இல்லை. முஸ்லிம் மதகுருவோ முஸ்லிம் மொழிபெயர்ப்பாளரோதான் தொட வேண்டும். கைதியின் கண்ணெதிரே சுத்தமான கையுறை அணிய வேண்டும். இரு கைகளாலும் ஏந்த வேண்டும், வலது கையே முதன்மை. தரையில், கழிப்பறை அல்லது கழுவுதொட்டி அருகில், கால்மாட்டில், ஈரத்தில் வைக்கக் கூடாது. எடுத்துச் செல்வதென்றால் உலர்ந்த சுத்தமான துண்டை விரித்து, எந்தக் கட்டத்திலும் நூலைக் கவிழ்க்காமல் சுற்ற வேண்டும். அறையில் உயரத்தில் தொங்கவிட ஆளுக்கொரு அறுவைசிகிச்சை முகமூடியும் கொடுத்தார்கள்.

அப்படியிருந்தும் ஐந்தில் நான்கு அதற்குப் பிறகு நடந்தவை. விதி பெரும்பாலும் சோதனையிடும் கையைப் பற்றியே பேசியது. குர்ஆனோ நாள் முழுக்க அறையில் இருக்கிறது. அங்கே காற்றுத்துளை இருக்கிறது, வெளியே விளையாட்டுக்குத் தண்ணீர் எறியும் காவலர் இருக்கிறார், விசாரணை அறையில் மதகுரு இல்லை. எனவே காவலர் பணிமாற்றத்தின்போது ஒவ்வொரு அறையிலும் நூல் இருக்கும் இடத்தையும் நிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். விசாரணை அறைக்குள் நூலைக் கொண்டுபோகவே தடை வேண்டும்.

குவாண்டனாமோவில் 2013இல் நடந்தது வேறு வகை. பிப்ரவரியில் குர்ஆன் பிரதிகளைச் சோதித்ததுதான் தொடக்கம் என்று கைதிகளின் வழக்கறிஞர்கள் கூறினார்கள். வழக்கமான சோதனை, முஸ்லிம் மொழிபெயர்ப்பாளர்களே செய்தார்கள் என்றது இராணுவம். அன்று அங்கிருந்த 166 பேரில் 100க்கும் மேற்பட்டோர் உண்ணாவிரதத்தில் இறங்கினார்கள், பலருக்கு மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்தப்பட்டது. நூலைச் சோதிப்பதைவிட அதை ஒப்படைத்துவிடுகிறோம் என்று கைதிகள் கேட்டதாகவும், அது ஏற்கப்படவில்லை என்றும் வழக்கறிஞர்கள் சொன்னார்கள். உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தூய்மை) செய்த பிறகே தொடும் நூலின் முதுகை ஒருவர் பிதுக்கிப் பார்ப்பதைக் கையுறை சரிசெய்துவிடாது. பிதுக்குபவர் முஸ்லிம் என்பதும் சரிசெய்துவிடாது.

அட்டைக்கும் முதுகுக்கும் இடையே எதையாவது ஒளிக்க முடியும் என்ற காவலரின் கவலையில் நியாயம் உண்டு. அதற்கு எளிய வழிகளும் உண்டு. கைதியே நூலைப் பிடித்து, விரித்து, முதுகைக் காட்டட்டும். சந்தேகம் தீராவிட்டால் அவரே அதைத் துணிப்பையில் இட்டுக் கட்டட்டும், பை ஊடுகதிர்க் கருவி வழியாகப் போய் அவர் கைக்கே திரும்பட்டும். ஒப்படைக்க விரும்புபவரிடம் ரசீது கொடுத்து வாங்கி மதகுருவின் அலமாரியில் வையுங்கள், கேட்கும் நாளில் திருப்பித் தாருங்கள்.

விதிமுறையில் இருக்க வேண்டிய இன்னொன்று கழிவகற்றல். 2012 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில், சிறை நூலகத்திலிருந்து பொறுக்கி எடுத்த நூல்கள் குப்பை எரிக்கும் குழிக்குப் போயின. கைதிகள் அவற்றில் செய்திகள் எழுதியிருந்தார்கள் என்பது காரணம். 100 வரை குர்ஆன் பிரதிகளும் பிற சமய நூல்களும் எரிந்தன. தீயிலிருந்து மிச்சத்தை இழுத்தெடுத்தவர்கள் அங்கு வேலை செய்த ஆப்கானியர்கள். அதன் பின் எழுந்த வன்முறையில் 30க்கும் மேற்பட்ட ஆப்கானியரும் அமெரிக்கப் படையினரும் மாண்டார்கள். வன்மம் இல்லை என்றது விசாரணை. ஆகஸ்டில் ஆறு வீரர்களுக்கு நிர்வாகத் தண்டனை மட்டும் கிடைத்தது.

முஸ்லிம்களின் மூன்றாம் கலீஃபாவான (ஆட்சித் தலைவர்) உஸ்மான் பிற பிரதிகளை எரிக்கச் செய்ததை முன்வைத்து, மரியாதையோடு எரிப்பதை அனுமதிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பக்ராமில் மன்னிக்க முடியாமல் போனது, நூல் குப்பையோடு போனது. சேதமான பிரதியைத் தூய துணியில் சுற்றிக் கால்படாத இடத்தில் புதைப்பது முஸ்லிம்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது. நூலகத்திலிருந்து எந்த நூல் வெளியேறினாலும் மதகுருவின் கையெழுத்து இல்லாமல் அது வண்டியில் ஏறக் கூடாது என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்த உயிர்கள் போயிருக்கமாட்டா.

இவையெல்லாம் தளபதி மாறும்போது மாறும் கட்டளைகளாக இருக்கும்வரை பயனில்லை. சமய வழிபாட்டில் அரசு தலையிடுவதைக் கட்டுப்படுத்தும் சமய உரிமை மீட்புச் சட்டத்தில் உள்ள "நபர்" என்ற சொல்லுக்குள் குவாண்டனாமோ கைதிகள் வரமாட்டார்கள் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் கூறியது, 2009இல் தன் முடிவில் நின்றது. குர்ஆன் அவமதிப்பைச் சொல்லி வழக்குத் தொடுத்த நான்கு பிரிட்டிஷ் முன்னாள் கைதிகளுக்கு அத்தோடு கதவு அடைபட்டது. அந்தச் சொல்லை விரிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நிறைவேற்றும் பாதுகாப்பு அதிகாரமளிப்புச் சட்டத்தில், அமெரிக்கப் படையின் காவலில் எங்கு இருப்பவரும் அச்சட்டத்தின்படி நபரே என்ற ஒரு பிரிவைச் சேருங்கள். 2003 விதிமுறையை, மேலே சொன்ன திருத்தங்களோடு, அதன் இணைப்பாக வையுங்கள்.

2025 ஜனவரியில் குவாண்டனாமோவில் 15 பேர் எஞ்சியிருந்தார்கள். அவர்களின் அறைகளிலிருந்தே பதிவேட்டைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
இராணுவத் தடுப்புக் காவல் நடைமுறைகளைத் தொடர்ந்து படித்துவரும் சிலர்