எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட முடியாமல் நிற்கும் என் பிக்கப் வண்டி குறித்த புகார்

அனுப்புநர்
டீசல் பிக்கப் வண்டியின் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வண்டி தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

நாள்: 06.10.2025

பொருள்: பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான) டீசல் பிக்கப் வண்டியில் டி.பி.எஃப். (டீசல் புகைக்கரி வடிகட்டி) கோளாறு – புகைச் சான்றும் எஃப்.சி.யும் பெற இயலாமை – சர்வீஸ் மையத்தின் அலைக்கழிப்பு – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குத் தங்கள் நிறுவனத்தின் டீசல் பிக்கப் வண்டியை வாங்கி, ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து காய்கறிச் சந்தைக்கு முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிப் பிழைப்பவன் நான். அந்த வண்டியின் எஃப்.சி. கடந்த செப்டம்பர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றோடு 22 நாட்களாக அது என் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இக்கடிதத்தை எழுதுவதற்கு முன் தங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு 19 முறை பேசிவிட்டேன். திண்டுக்கல்லில் உள்ள சர்வீஸ் மையத்துக்கு ஏழு முறையும் மதுரைக்கு ஒரு முறையும் போய் வந்துவிட்டேன். வாய்ப்பேச்சில் இனிப் பயனில்லை என்று தெரிந்த பிறகே விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

வண்டியின் கோளாறு இன்னதென்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டி.பி.எஃப். விளக்கு எரிகிறது, பிறகு என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிறது, அதன்பின் வண்டி இழுவையை இழந்து எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்ட மறுக்கிறது என்றால், அதை வடிவமைத்த தங்கள் பொறியாளர்களுக்கு அடுத்த நொடியே காரணம் தெரிந்திருக்கும். தெரியாதது எனக்குத்தான். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் அந்த வடிகட்டி, வண்டி நிற்காமல் ஓடிப் புகைபோக்கி ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடேறினால்தான் தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துத் தூய்மையாகும் என்பதையும், பாதியில் என்ஜினை நிறுத்தினால் எரிப்பதற்காகத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும் என்பதையும், வண்டி வாங்கி மூன்று ஆண்டுகள் கழித்து எங்கள் ஊர் மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தேன். நான் ஓட்டுவது ஒரு நடைக்கு 8 அல்லது 10 கிலோமீட்டர். அதிலும் தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்தி மூட்டை ஏற்ற வேண்டும். வண்டி வாங்கும்போது என் தொழில் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை நடை, எவ்வளவு பாரம் என்று துருவித் துருவிக் கேட்டுக் கடன் படிவத்தில் எழுதிக்கொண்ட உங்கள் விற்பனையாளர்கள், இந்த ஓட்டத்துக்கு இந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்த கையேடும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

புகைச் சான்று முடியவிருந்ததாலும், அது இல்லாமல் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட முடியாது என்பதாலும், ஆகஸ்ட் 25ஆம் தேதி புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். டீசல் வண்டிக்குப் பரிசோதனை எப்படி என்பது தங்களுக்குத் தெரியும். என்ஜினைச் சூடாக்கி, கியர் போடாமல், ஆக்சிலரேட்டரைத் திடீரென்று முழுதாக மிதித்து, அப்போது வெளிவரும் புகையின் அடர்த்தியைக் கருவி அளக்க வேண்டும். என் வண்டி மிதிக்க மிதிக்க 2,000 சுற்றிலேயே நின்றதால் கருவி அளவையே ஏற்கவில்லை. என் வண்டி கரும்புகை கக்கித் தோற்கவில்லை, ஐயா. பரிசோதனைக்கே தகுதியில்லாமல் திரும்பி வந்தது. இதில் பரிசோதனை நிலையத்தாரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நான் குறை சொல்ல மாட்டேன். முன் டயர் இரண்டும் புதிது, ஒளிரும் பட்டை புதிது, பாடிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, முகப்பு விளக்கு மாற்றியாகிவிட்டது. எஃப்.சி.க்காக நான் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் 31,000 ரூபாய் செலவழித்து முடித்திருந்தேன். நீங்கள் செய்ய வேண்டிய ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

இது வாரண்டி முடிந்த வண்டி என்பதே உங்கள் ஒரே பதிலாக இருந்து வருகிறது. மூன்று ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்ற வாரண்டி 2024 ஆகஸ்டில் முடிந்தது உண்மைதான். ஆனால் டி.பி.எஃப். விளக்கு முதன்முதலில் எரிந்தது 2024 ஜூன் மாதம், வண்டி 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது. அன்றே வண்டியைக் கொண்டுவந்து விட்டேன்; 'டி.பி.எஃப். விளக்கு எரிகிறது, பரிசோதித்துச் சரிசெய்யப்பட்டது' என்று ஜாப் கார்டில் (பணி விவரச் சீட்டில்) உங்கள் ஆட்களே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கணினியை மாட்டி விளக்கை அணைத்தார்களே தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது, நவம்பரில் அதே விளக்கு மீண்டும் எரிந்தபோது தெரிந்தது. அப்போது வாரண்டி முடிந்துவிட்டதென்று சொல்லி, வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரிக்கும் வேலைக்கு 4,800 ரூபாய் வாங்கினார்கள். 2025 மார்ச்சில் மறுபடியும் 4,800. ஒரே நோய்க்கு மூன்று முறை மருந்து கொடுத்துவிட்டு, நோய் புதிதாக வந்தது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் தங்கள் பொறியாளர்கள் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் சர்வீஸ் ரசீதில் எழுதியுள்ள என்ஜின் ஆயில், இவ்வகை வடிகட்டி உள்ள வண்டிகளுக்கான சாம்பல் குறைந்த ஆயில் அல்ல என்று எங்கள் மெக்கானிக் சுட்டிக்காட்டினார். கரி எரியும், ஆனால் ஆயிலின் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். அப்படியானால் அடைப்புக்கு என் ஓட்டம் மட்டும் காரணமா, உங்கள் சர்வீஸ் மையம் ஊற்றிய ஆயிலும் காரணமா என்பதை நீங்களே சொல்லுங்கள். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

இனி திண்டுக்கல் சர்வீஸ் மையத்தின் மேலாளரைப் பற்றி எழுதியாக வேண்டும். செப்டம்பர் 3ஆம் தேதி, ஓணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, வண்டி பாரத்தோடு சாலையில் படுத்துவிட்டது. மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, கட்டி இழுத்துவர 5,500 ரூபாய் கொடுத்து, மதியம் இரண்டு மணிக்கு சர்வீஸ் மையத்துக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிடவில்லை. கையெல்லாம் கிரீஸ். ஓணம் வரை ஓடுகிற அளவுக்காவது பார்த்துக் கொடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டேன். நாற்காலியிலிருந்து எழாமல், நிமிர்ந்தும் பார்க்காமல் அவர் சொன்னது இது: "முருங்கக்காய் ஏத்துறவருக்கு எதுக்குங்க பி.எஸ்.6 வண்டி? பழைய வண்டியே வாங்கியிருக்கலாமே." பக்கத்தில் நின்ற இளைஞர்கள் இருவர் சிரித்தார்கள். என் மகன் வயதிருக்கும் அவர்களுக்கு. நானும் 22 ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடிப்பவன்தான், ஒருவரிடமும் இப்படிப் பேச்சு வாங்கியதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 அல்லாத புது வண்டியை விற்கவோ பதிவு செய்யவோ வழியில்லை என்பது, உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னார் என்றால், அது என்னை மட்டுமல்ல, என் பிழைப்பையும் இழித்துச் சொன்ன சொல்.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வடிகட்டியைப் புதிதாக மாற்ற 92,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீட்டுத் தாளை நீட்டிய அவர், நான் வாயடைத்து நிற்பதைப் பார்த்து, வெளியே ஒரு பட்டறையில் 18,000 ரூபாய்க்கு வடிகட்டியின் உள்ளிருப்பதை வெட்டியெடுத்துவிட்டு வெறும் கூட்டை வெல்டிங் செய்து தருவார்கள், கணினியிலும் விளக்கு எரியாதபடி மாற்றிவிடுவார்கள், புகைச் சான்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். புகையைக் குறைப்பதற்காக என்று சொல்லி வண்டி விலையில் என்னிடம் பணம் வாங்கிய கருவியை, உங்கள் நிறுவனத்தின் மேலாளரே வெட்டி எறியச் சொல்கிறார். நான் மறுத்துவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் மறுக்கவில்லை. சந்தையில் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தும்போது, புகைபோக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்று மூட்டை இறக்குபவர்கள் என்னோடு பத்து ஆண்டுகளாக இருக்கும் சுமைத் தொழிலாளர்கள். அந்தக் கரி முதலில் அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும்.

செப்டம்பர் 9ஆம் தேதி மதுரைக்குப் போகச் சொன்னது உங்கள் கட்டணமில்லா எண்ணில் பேசிய பெண். அவர் மரியாதையாகவே பேசினார், அதை மறுக்கவில்லை. அங்கே தனிக்கருவி இருக்கிறது, நிபுணர் இருக்கிறார், பதிவு செய்துவிட்டேன் என்றார். மறுபடியும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் 11,000 ரூபாய் ஆனது. மதுரையில் அப்படியொரு பதிவே இல்லை. நிபுணர் விடுமுறையில் இருந்தார். மாலை ஐந்து மணி வரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, திண்டுக்கல்லிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். திண்டுக்கல்லில் யார் இருக்கிறார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. அதாவது, ஆர்.சி. (பதிவுச் சான்று) என் கையில் இருந்தும் என் வண்டி சாலையில் இல்லாத வண்டி. துணிந்து எடுத்துக்கொண்டு போய் விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா என்ற பயத்தில் நான் சாவியையே தொடவில்லை. மாதத் தவணை 17,400 ரூபாய் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. நல்ல நாளில் நாள் ஒன்றுக்கு 3,500 ரூபாய் கையில் நிற்கும். ஆகஸ்ட் 25 முதல் இன்று வரை போன வருமானம், ஓணத்துக்குக் கேரளம் போகும் சரக்கை ஏற்ற முடியாமல் இழந்த கூலி, எஃப்.சி. செலவு, இழுவைச் செலவு, பத்து ஆண்டுகளாக என்னையே நம்பியிருந்து இப்போது வேறு வண்டிக்கு மாறிவிட்ட தோட்டக்காரர்கள் என எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. என் வாழ்நாள் உழைப்பே ஒரு வடிகட்டிக்குள் அடைபட்டுப் போனது. அக்டோபர் 1ஆம் தேதி ஆயுத பூஜைக்கு, ஓடாத வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டேன். அதன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கக்கூட வண்டி நகரவில்லை. என் மனைவி அழுதுவிட்டாள்.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. என் தந்தை ஓட்டியதும் தங்கள் நிறுவனத்தின் வண்டிதான். ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: கோளாறு வாரண்டிக் காலத்திலேயே பதிவானது என்பதை ஏற்று, டி.பி.எஃப். தொகுதியைத் தங்கள் செலவில் புதிதாக மாற்றி, வண்டி புகைப் பரிசோதனையில் தேறிச் சான்று பெறும் வரை பொறுப்பேற்று, இரண்டு முறை வாங்கிய 9,600 ரூபாயையும் இழுவைச் செலவையும் திருப்பித் தர வேண்டும். வண்டி நின்ற நாட்களின் இழப்புக்கு நியாயமான தொகையைத் தாங்களே முடிவு செய்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மேலாளர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வணிக வண்டி வாங்கியவன் நுகர்வோர் அல்ல என்று தங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவன் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த வண்டிக்கு நானே உரிமையாளர், நானே ஓட்டுநர். என் வண்டி விலைக்கு அங்கே கட்ட வேண்டிய கட்டணம் 200 ரூபாய். 5,500 கொடுத்து இழுத்து வந்தவனுக்கு அது பெரிதல்ல. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவைக் குறிப்பிட்டு, வடிகட்டியை வெட்டியெடுக்கச் சொன்ன பேச்சையும் சேர்த்துப் போக்குவரத்து ஆணையருக்கு எழுதுவேன். எங்கள் சந்தையில் இதே வண்டி வைத்திருக்கும் இன்னும் நான்கு பேர் இதே விளக்கோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள். அந்த நிலை வராமல் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

2024 ஜூன் மாத ஜாப் கார்டு, மூன்று சர்வீஸ் ரசீதுகள், 92,000 ரூபாய்க்கான மதிப்பீடு, இழுவை ரசீதுகள், ஆர்.சி., முடிந்துபோன எஃப்.சி. ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். தயவுசெய்து இக்கடிதத்தை விளக்கம் கேட்டு மீண்டும் அதே மேலாளரின் மேசைக்கே அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வண்டி உரிமையாளர்
(ஒப்பம்)