பெர்த் வீட்டுப் புல்லைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டு முன்புறம் பழுப்பேறிக் கிடப்பதைக் கண்டு புல் செத்துவிட்டதென்று எண்ணி உரம் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய், இப்போது வாங்காதே. சிங்கப்பூரில், யீஷூனில் நம் புளோக்கின் கீழே உள்ள கௌ கிராஸ் என்னும் புல் ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பது, இங்கே குளிர்காலமே வராததால்தான். உன் வீட்டில் இருப்பது போன்ற வெப்பப் பருவப் புற்கள் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குளிர்காலமான ஜூலையைப் போல மண் குளிர்ந்துபோகும் காலத்தில் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, வேரிலும் கொடியிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்கும். உறங்கும் புல்லுக்கு உரமிட்டால் அது களைகளுக்கே போய்ச் சேரும்.

அதைவிட முக்கியம், அது என்ன புல் என்று நீ அறிவது. நிறத்தை நம்பாதே, அது வெயிலுக்கும் நீருக்கும் ஏற்ப மாறும். ஒரு கொடியை வேரோடு எடுத்து, இலை தண்டைச் சேரும் இடத்தைப் பார். இலை மெலிந்து, அவ்விடத்தில் வெண்மயிர் வரிசை ஒன்று தெரிந்து, கொடிகள் மண்ணின் மேலும் உள்ளும் ஓடி, கதிர் ஒரே புள்ளியிலிருந்து விரல்கள்போல் மூன்று முதல் ஏழாகப் பிரிந்தால் அது கௌச். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லேதான். இலை அகன்று, நுனி மழுங்கி, தட்டையான தடித்த கொடிகள் தரைக்கு மேலே மட்டும் படர்ந்தால் பஃபலோ. இளம்பச்சையாய், மென்மயிரோடு, பூச்செடிகளுக்குள்ளும் புகுந்து தொல்லை தந்தால் கிக்குயு என்றே எண்ணுகிறேன்.

இவற்றைப் பிரித்தறியாமல் களைக்கொல்லி தெளித்தால் கேடுதான். கௌச் தாங்கிக்கொள்ளும் டிகாம்பா என்னும் களைக்கொல்லி கலந்த மருந்து, பஃபலோவைக் கருக்கிவிடும். வெட்டும் உயரமும் வேறு: கௌச்சை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கலாம், பஃபலோவை நான்குக்குக் கீழே இறக்காதே. எதுவானாலும் ஒருமுறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே. வேலியோரம் அந்த மரநிழலில் மட்டும் புல் அடர்த்தியாக நிற்கிறதே, அதனால் பஃபலோவாக இருக்கலாமென்று ஊகிக்கிறேன், ஏனெனில் கௌச் நிழலில் மெலிந்துவிடும்.

இங்கிருந்து புல் கொண்டுவரச் சொன்னதை மறந்துவிடு. மண்ணோடு ஒரு கொடியைக்கூட ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விடமாட்டார்கள். அங்கே குளிர்கால விதிப்படி ஆகஸ்ட் 31 வரை நீர்த்தெளிப்பான்களும் நிறுத்தப்பட்டிருக்கும், ஆகவே தண்ணீரைப் பற்றியும் கவலைப்படாதே. செப்டம்பரில் புதுத்தளிர் வந்தபின் உரமிடலாம். இப்போது ஒரு கொடியைக் கழுவி, பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படமெடுத்து அனுப்பு. களைக்கொல்லி மருந்தின் பெயரை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா