48 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

தள்ளுபடி விளம்பரங்களில் இப்போது மிக்ஸி, கிரைண்டர் பக்கத்திலேயே பேட்டரி ஸ்க்ரூ டிரைவரும் வந்துவிட்டது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவை சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த மகள் ஆன்லைனில் ஒரு அலமாரி வாங்கினாள், பலகை பலகையாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக ஈரோட்டில் ஒரு கடையில் பேட்டரி ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். "இது 48 வோல்ட்டுங்க, எதுல வேணும்னாலும் ஏறுமுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். முதல் மூன்று ஸ்க்ரூ நன்றாகவே ஏறின. நான்காவதில், நான் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் தலை பலகைக்குள் புதைந்து, ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது, துளையிலிருந்து ரவை மாதிரி தூள் கொட்டியது. அந்தப் பலகை மரமே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. துளையில் ஒருமுறை புரி போய்விட்டால் ஸ்க்ரூ அதில் பிடிக்காது. தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, மறுநாள் வரை காயவிட்டு மறுபடி பூட்டினேன். புது அலமாரியை இப்படி ஒட்டுப்போட்டுத் தர மனசே வரவில்லை.

மோட்டார் காயில் கட்டும் மைத்துனர் அந்த பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முழு சார்ஜில் 20 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கணக்கு எளிது. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், நிறைந்திருக்கும்போது 4.2. ஐந்து செல் சேர்த்தால் 18, நிறையும்போது 21. நிஜமாகவே 48 வேண்டுமென்றால் 13, 14 செல் வேண்டும், அது எப்படிங்க ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்?

அலமாரி பூட்ட, கதவுக் கீல் இறுக்க, சுவிட்ச் போர்டு மூடி கழற்ற 3.6 வோல்ட் டிரைவரே போதும். 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது திருகும் பலம், உள்ளதாகப் பாருங்கள். கட்டில் மாதிரி கனமான சாமான் நிறைய இருந்தால் மட்டும் 12 வோல்ட். எதுவானாலும் முன்பக்கம் எண் போட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கிளட்ச். சின்ன எண்ணில் வைத்தால், ஸ்க்ரூ இறுகியதும் டக்டக்கென்று சத்தம் போட்டு விட்டுவிடும், பலகை தப்பிக்கும். நான் வாங்கியதில் அந்த வளையமே இல்லை, கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கடைசி அரைச் சுற்றைக் கையால் இறுக்குவது இன்னும் நல்லது.

அப்புறம் பிட், அதாவது டிரைவர் முனையில் மாட்டும் துண்டு. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது பிஇசட் (PZ) வகை, சாதாரண ஸ்டார் (பிலிப்ஸ்) பிட் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். செங்கல் சுவரில் ஓட்டை போட இந்த 3.6 வோல்ட் மெஷின் ஆகாது, அதற்கு ஹேமர் டிரில்தான்.

கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு துண்டு பார்ட்டிக்கிள் போர்டும் நாலு ஸ்க்ரூவும் மேசையில் வைத்து, வாங்குகிறவர் கையாலேயே ஒன்றை ஏற்றிப் பார்க்க விடுங்கள். பல்பு வாங்கினால்கூட மாட்டி எரியவிட்டுத்தானே தருகிறீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.