ஃபெஸ்: சரிவைப் பார்த்து நட

அன்புள்ள மங்கை,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஏப்ரலில் மொராக்கோ, அதில் ஃபெஸ்ஸுக்கு இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறாய். கூடவே மூன்று கேள்வி: கூகுள் மேப்பை நம்பலாமா, கைடு வேண்டுமா, அண்ணனின் முட்டி தாங்குமா. மூன்றுக்கும் பதில் அந்த ஊரின் சரிவில் இருக்கிறது.

பழைய ஃபெஸ்ஸை, அதாவது ஃபெஸ் எல் பாலியை, ஒரு கிண்ணமாக நினைத்துக்கொள். அடியில் ஆறு. இப்போது பெரும்பாலும் தளம் போட்டு மூடிவிட்டார்கள். அதன் பக்கத்தில் கரவிய்யீன் பெரிய பள்ளிவாசல். அங்கிருந்து எல்லாப் பக்கமும் மேடேறிப் போய் மதிலில் முடியும். எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் இறக்கம் எந்தப் பக்கம் என்று பார். இறங்கினால் ஆற்றுப் பக்கம் வருவாய், ஏறினால் ஏதாவது ஒரு கோட்டை வாசலுக்குப் போய்ச் சேருவாய். வழியில் மேடு பள்ளம் மாறி மாறி வரத்தான் செய்யும். ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் நடந்தால் இந்தக் கணக்கு தப்பாது.

மேப் தப்பும். சில சந்துகள் இரண்டு முழ அகலம்கூட இல்லை. இரண்டு பக்கமும் மாடி உயரத்துக்கு ஜன்னல் இல்லாத சுவர், கடைத்தெருக்களில் தலைக்கு மேல் மூங்கில் தட்டி. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் நீலப் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவிவிடும். நீ நிற்கும் சந்துக்கும் அதற்கும் நடுவே வழியே இருக்காது. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள், ஆனால் எந்தப் பேட்டையில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள மட்டும் பார். முட்டுச்சந்துக்கு அங்கே தர்ப் என்று பேர். கடைகள் நின்று, சந்து குறுகி, இரண்டு தரம் வளைந்து, ஆள் நடமாட்டமும் ஓய்ந்துவிட்டால் அது தர்ப்தான். மேலே போகாதே, அது நாலைந்து வீட்டுக்காரர்களின் முற்றம் மாதிரி. திரும்பிவிடு.

வழி கேட்பதானால் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேள். கூடவே நடந்து வந்து, "அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, தோல் பட்டறைக்கு இந்தப் பக்கம்" என்று தானாகச் சொல்கிறவரிடம் வேண்டாம். அடைத்திருக்காது. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு தரம் சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போ. நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் அரை நாளுக்கு மட்டும், தங்கும் விடுதி மூலமாக உரிமம் உள்ள கைடை வைத்துக்கொள்ளலாம். கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. நீ வாங்குவதில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உன் விலையில்தான் ஏறும்.

இனி முட்டி. மேற்கே நீல வாசல், பாப் பூ ஜலூத், வரைக்கும் டாக்சி வரும். சின்ன சிவப்பு டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம். மீட்டர் போடச் சொல்லு, இரவில் ஒன்றரை மடங்கு வாங்குவது அங்கே சட்டப்படியே உண்டு. எல்லாப் படத்திலும் வரும் இந்த வாசல் 1913இல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டியது, ஆயிரம் வருஷப் பழமை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ. வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் போனால் தலா கபீரா, வலப்பக்கம் தலா ஸ்கீரா. தலா என்றால் ஏற்றம். பெரிய ஏற்றம், சிறிய ஏற்றம். ஊருக்குள் இருப்பவன் வாசலுக்கு ஏறி வரும் கணக்கில் வைத்த பேர். உங்களுக்கு அது இறக்கம். இரண்டும் கீழே மறுபடி சேர்ந்துகொள்ளும். காலை ஒன்பது மணிக்கு மேலே தொடங்கி, இறங்கியபடியே பார்த்து, அடியில் ரசீஃப் சதுக்கத்தில் டாக்சி பிடித்து வெளியேறுங்கள். திரும்பி ஏறவே கூடாது. வந்த வழியே ஏறுகிறவர்களுக்குத்தான் ஃபெஸ் கால்வலி தரும் ஊர்.

இறங்கும்போது கடைகளின் வரிசையைக் கவனி. பள்ளிவாசலை ஒட்டி வாசனைப் பொருள்களும் மெல்லிய துணியும் விற்கும் தெருக்கள். அத்தாரீன் என்றால் வாசனை வியாபாரிகள். துணிக்கு கய்சாரியா என்று கதவு வைத்த அங்காடி. கொஞ்சம் தள்ளி தச்சர்கள், செம்புக் கொல்லர்கள். ஆற்றை ஒட்டிச் சாயக்காரர்கள். நீரோட்டம் ஊரைவிட்டு வெளியேறும் வடகிழக்கு ஓரத்தில் தோல் பட்டறை. நாற்றமும் அழுக்கு நீரும் உள்ள தொழில் எல்லாம் கீழ்மடையில். இதைப் புரிந்துகொண்டால் மூக்கை வைத்தே பாதி வழி கண்டுபிடிக்கலாம்.

தலா கபீராவில் இறங்கத் தொடங்கிய சில நிமிஷத்தில் பூ இனானியா மதரஸா வரும். 1350களில் சுல்தான் அபூ இனான் கட்டியது. முஸ்லிம் அல்லாதவர்களும் முற்றம் வரை போகலாம், பொதுவாக 20 திர்ஹாம். தொழுகை நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். கீழே செதுக்கிய ஓட்டுச் சில்லு, நடுவில் சுதை, மேலே தேவதாரு மரம் என்று மூன்று அடுக்கு. ஓட்டு வேலையில் ஒவ்வொரு சில்லும் கையால் வெட்டியது. அச்சில் வார்த்ததில்லை. நின்று நிதானமாகப் பாருங்கள். நம் ஊருக்கும் இந்த சுல்தானுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1340களில் மதுரை சுல்தானிடம் தங்கி, அங்கே பரவிய கொள்ளை நோயைக் கண்ட மொராக்கோ பயணி இப்னு பதூதா, ஊர் திரும்பியபின் தன் பயணம் முழுவதையும் சொல்லி எழுதவைத்தது ஃபெஸ்ஸில், இதே அபூ இனான் கட்டளையில். எழுதி முடித்தது 1355இல். மதரஸாவில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், இதே ஊரில் மதுரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கரவிய்யீனுக்குள் நீங்கள் போக முடியாது, திறந்த கதவு வழியாக முற்றத்தைப் பார்க்கலாம். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகச் சொல்வது மரபு. துனீசியாவின் கைரவான் ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் பேரில்தான் கரவிய்யீன். ஆற்றின் எதிர்க்கரைக்கு ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் பேரில் அந்தலூஸ். இரண்டு கரையும் தனித்தனி மதிலோடு இரண்டு ஊராகவே இருந்தன, 11ஆம் நூற்றாண்டில்தான் ஒன்றாக்கினார்கள். பக்கத்தில் அத்தாரீன் மதரஸா, 1325இல் முடிந்தது. சின்னது, வேலைப்பாட்டில் எனக்குப் பூ இனானியாவைவிட இதுதான் உசத்தி. ஊரை நிறுவியவர் என்று கொண்டாடும் மவ்லாய் இத்ரீஸின் அடக்கத்தலத்துக்குப் போகும் சந்துகளில் குறுக்கே ஒரு மரக்கட்டை இருக்கும், குனிந்துதான் போக வேண்டும். கழுதை, கோவேறு கழுதை அதைத் தாண்டிப் புனித எல்லைக்குள் வரக்கூடாது என்பதற்காக.

கழுதை என்றதும் ஞாபகம் வருகிறது. உள்ளே கார் கிடையாது, காஸ் சிலிண்டரிலிருந்து ஈரத்தோல் வரை விலங்கு முதுகில்தான். பின்னாலிருந்து "பாலக்!" (வழி விடு) என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நீ நிற்கும் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டிக்கொள், அல்லது கடைப்படியில் ஏறு. குறுக்கே எதிர்ப்பக்கம் ஓடுவதில்தான் இடிபடுவார்கள். இடிப்பது பெரும்பாலும் சுமைதான், விலங்கு இல்லை. பை சுவர்ப்பக்கம் இருக்கட்டும். செருப்புக்கு அடியில் பிடிமானம் வேண்டும், வழவழத்த கல்லும் சாணமும் மழையும் சேர்ந்தால் வழுக்கும். சக்கரப் பெட்டி படிகளில் உதவாது. தங்கும் ரியாதிலிருந்து, அதாவது முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதியிலிருந்து, எந்த வாசலுக்கு ஆள் வருவார் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்.

ஷவாரா தோல் பட்டறையைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது, சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான். கையில் ஒரு கொத்து புதினா தருவார்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு, புறாக்கழிவு. சுண்ணாம்பு மயிரைத் தளர்த்தும், புறாக்கழிவு தோலை மிருதுவாக்கும். அதில் தொழிலாளர்கள் இறங்கிக் காலால் மிதிப்பார்கள். அப்புறம்தான் சாயத் தொட்டி. மஞ்சளுக்கு மட்டும் தொட்டி இல்லை, கையால் தேய்ப்பார்கள். குங்குமப்பூ என்பார்கள், அந்த விலைக்கு அது குங்குமப்பூவாக இருக்க வழியில்லை. காலையில் போனால் வேலை நடக்கும், மாடிக்குப் பத்து இருபது திர்ஹாம் கொடுத்துவிட்டு வாங்காமலே இறங்கலாம், தப்பில்லை.

வாங்குவதானால் ஈரக் கைக்குட்டையால் உள்மூலையில் தேய்த்துப் பார், சாயம் ஒட்டினால் வேண்டாம். தையல் வெளியே மட்டும் இருந்து உள்ளே பசை தெரிந்தால் அதுவும் வேண்டாம். சரியாகப் பதப்படாத தோல் கடையில் வெளியே மணக்காது, ஊர் வந்து மழைக்காலத்தில் மணக்கும். மூடிய பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டே பார். ஸஃபாரீன் சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் வாங்க ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போ. ஒட்டினால் இரும்புக்கு முலாம். சமைக்க என்றால் உள்ளே ஈயம் பூசியதா பார், நம் பித்தளைக்குப் பூசுவது மாதிரிதான்.

சைவச் சாப்பாட்டுக்கு நீ பயப்பட வேண்டாம். காலையில் பிஸாரா கிடைக்கும். காய்ந்த ஃபாவா மொச்சையைப் பூண்டோடு வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் தூவியது. நம் கடைந்த பருப்பின் ஒன்றுவிட்ட தம்பி. ஹரீரா சூப்பில் இறைச்சி இருக்கும். கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸில் மேலே காய் மட்டும் தெரிந்தாலும் கறியோடு வெந்த சாறாகத்தான் இருக்கும். "ப்லா லஹம்", கறி இல்லாமல், என்று சொல்லிக் கேள்.

வெள்ளிக்கிழமை மட்டும் சுற்ற வைத்துக்கொள்ளாதே, மதியத்துக்கு மேல் பாதிக் கடை அடைத்திருக்கும். அன்றைக்கு மதிலுக்கு வெளியே மரீனி சுல்தான்களின் கல்லறை மேட்டுக்கு டாக்சியில் போய்க் கிண்ணத்தை மொத்தமாகப் பாருங்கள். சாயங்காலம் நல்லது, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். 1438இல் உண்டான யூதர் பேட்டை மெல்லாவும் அன்றைக்கே. ஐந்து, பத்து திர்ஹாம் சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும். மீந்த திர்ஹாமை அங்கேயே மாற்றிவிடு, 2000க்கு மேல் வெளியே கொண்டுவரக் கூடாது.

கடைசியாக, ஸஃபாரீனிலிருந்து சாயக்காரர் தெரு வழியாக இறங்கினால் சில நிமிஷத்தில் ரசீஃப். மாலையில் அங்கே டாக்சிக்குக் கூட்டம் சேரும், அதனால் ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள். அண்ணனை ஒரு புதினா டீயோடு உட்காரவைத்துவிட்டு நீ போய்க் கை காட்டு.

போய் வந்து எழுது.

உன்,
தேவகி